கடல் வற்றும் நேரம்

விழித்துப் பார்த்தபோது வாசலில் கடல் இல்லை.

முந்தின நாள் நண்பகலில் நாங்கள் வந்து இறங்கியபோது அது விடுதி வேலிக்கு இருபதடி தள்ளி, சாய்ந்து நின்ற மரங்களின் வேரைத் தொட்டுக்கொண்டு தளும்பிக் கிடந்தது. காலை ஆறு மணிக்கு அதே இடத்தில் ஈர மணல். அதற்கப்பால் பழுப்பும் கறுப்புமாக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை பாறைத்திட்டு. தண்ணீர் எங்கோ ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தது. என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "கடல் உள்வாங்கியிருக்கும்மா. பையை எடு, மேட்டுக்குப் போயிடலாம்."

எங்களைப் போன்ற கடலூர்க்காரர்களுக்கு 'உள்வாங்கியது' என்ற அந்த ஒரு சொல் போதும். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அவர் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து அப்போதுதான் படுத்திருந்தார். நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். தேவனாம்பட்டினத்திலிருந்து மஞ்சக்குப்பம் வரைக்கும் ஜனங்கள் ஓடிவந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஜனவரியில் பள்ளி திறந்தபோது என் வகுப்பில் இரண்டு இடங்கள் காலியாக இருந்தன. அதன்பிறகு நாங்கள் இருவரும் கடற்கரையில் உட்கார்ந்ததே இல்லை. வீட்டிலிருந்து இரண்டு மைல்தான். மாசி மகத்துக்கு சாமி தீர்த்தவாரிக்கு வரும்போது கும்பலோடு கும்பலாகப் போய், கால் நனைக்காமல் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம்.

எங்கள் பதற்றத்தைப் பார்த்துவிட்டு விடுதிக்கார அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வந்தார். கையில் மாவு. கடலை நோக்கிக் கையை நீட்டி "பாட்டா" என்றார். பிறகு தனக்குத் தெரிந்த இந்தியில், எனக்குத் தெரிந்த இந்திக்குத் தக்கபடி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: இது தினம் நடப்பது. பகல் பன்னிரண்டுக்கு மேல் திரும்ப வந்துவிடும். ஏறினால் ஜோயார், இறங்கினால் பாட்டா. வங்காளத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் அந்த இரண்டு பெயர்கள். அவர் சிரிக்கவில்லை. 2004இல் அவரும் இந்தத் தீவில்தான் இருந்தார்.

நாங்கள் வந்திறங்கிய அந்தமானின் நீல் தீவு, கடலூருக்கு நேர் கிழக்கே இருக்கிறது. தேவனாம்பட்டினக் கரையிலிருந்து வங்காள விரிகுடாவின் குறுக்கே ஒரு நூல் பிடித்தால் 1,400 கிலோமீட்டருக்கு மேல் போய், ஏறக்குறைய இந்தத் தீவின் மேல் முடியும். ஒரே கடலின் இரண்டு கரைகள். அந்த ஞாயிற்றுக்கிழமை சுமத்ரா அருகே பிளக்கத் தொடங்கிய கடலடித்தட்டு அந்தமானின் அடிவரைக்கும் கிழிந்தது. தென் அந்தமானின் கரைகள் தாழ்ந்தன, வட அந்தமானில் பவளப்பாறைகள் தண்ணீருக்கு மேலே தூக்கி நின்றன. எங்களைத் தொட்ட அலை இந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டது. என் கணவருடைய பயத்துக்கு இந்தத் தீவில் முறையான உறவு உண்டு.

எங்கள் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் அவ்வளவு கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மூன்று அடி ஏறும், இறங்கும், அவ்வளவுதான். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆறடி வரை இறங்குகிறது. கரையோரம் தட்டையான பவளத்திட்டாக இருப்பதால் ஆறடி இறங்கினால் அரைக் கடலே போய்விட்டதுபோல் ஆகிவிடும். நாங்கள் போனது தை அமாவாசை கழிந்து மூன்றாம் நாள். பாட்டியிடம் பஞ்சாங்கம் கேட்டு வளர்ந்த எனக்குக் கடலுக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு என்பது அறுபதைத் தாண்டித்தான் உறைத்தது. வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம்போலத் தள்ளிப்போகும். முதல் நாள் ஆறு மணி, மறுநாள் ஏழுக்குக் கொஞ்சம் முன்னால், அதற்கடுத்து ஏழே முக்கால். படகுகள் அந்தக் கணக்குக்குத்தான் கட்டுப்பட்டவை. தண்ணீர் இல்லாத நேரத்தில் கண்ணாடிப் படகு ஓட்டுகிறவர்கள் மணலில் உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். அவர்களை யாரும் விரட்ட முடியாது.

இந்தப் பயணத்தை நாங்களாகத் திட்டமிடவில்லை. மகனும் மகளும் சேர்ந்து டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து விமானத்தில் போர்ட் பிளேர் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்), அங்கிருந்து படகில் நீல். "அங்க போயி என்ன செய்யறது?" என்று மகளிடம் கேட்டேன். "சும்மா இருங்கம்மா" என்றாள். எனக்குக் கோபம்கூட வந்தது. இதுவரை நாங்கள் இருவரும் வீட்டைவிட்டுப் போனதெல்லாம் ஒரு காரியத்துக்காகத்தான். திருப்பதி, ராமேஸ்வரம், கல்யாணம், சாவு, பிள்ளைகளின் கல்லூரி அனுமதி, பேரன் பிறந்தது. காரியம் இல்லாமல் ஒரு ஊருக்குப் போவது பணத்தைக் கடலில் போடுவது என்றே வளர்ந்திருக்கிறோம். எங்கள் தலைமுறையின் தம்பதிகள் பெரும்பாலானோருக்கு உல்லாசப் பயணம் என்றால் கோயிலோடு சேர்ந்ததுதான். சாமியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டால்தான் நம்மால் மலையையும் அருவியையும் பார்க்க முடிந்தது.

இன்னொன்றும் உண்டு. அவர் சர்க்கரை ஆலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஷிஃப்டில் இருந்தவர். காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் இரவு பத்து, பத்து முதல் காலை ஆறு. அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் பொங்கல் கிடையாது, புத்தாண்டு கிடையாது. நான் பள்ளிக்கூட வாத்தியார். காலை நாலரைக்கு எழுந்து, சமைத்து, கட்டிக்கொடுத்து, பஸ் பிடித்து, திரும்பி வந்து மறுபடி அடுப்படி. அவர் தூங்கும்போது நான் சத்தமில்லாமல் பாத்திரம் தேய்த்தேன். நான் படுக்கும்போது அவர் சைக்கிளை வாசலில் சத்தமில்லாமல் இறக்கினார். ஒருவர் தூக்கத்தை மற்றவர் காத்தே அத்தனை வருடமும் ஓடியது. அதில் அன்பு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் சும்மா இருந்த பகல் எத்தனை என்று அந்தத் தீவில் எண்ணிப் பார்த்தேன். கைவிரல்கள் மிஞ்சின.

இரண்டாம் நாள் காலை அந்த அம்மா பழைய ரப்பர் செருப்புகளைக் கொடுத்து, திட்டில் நடக்க வழி காட்டினார். பவளத்தின் மேல் கால் வைக்கக்கூடாது, மணல் கிடக்கும் சந்துகளில் மட்டும் நடக்க வேண்டும். கடல் வற்றும்போது பாறைக் குழிகளில் தண்ணீர் தங்கிவிடுகிறது. ஒவ்வொரு குழியும் ஒரு தனிக் குடித்தனம். கடல் அட்டை ஒன்று வெயில் படாமல் கல்லுக்கடியில் சுருண்டிருந்தது. விரலளவு நீல மீன்கள் எங்கள் நிழல் விழுந்ததும் சிதறின. கரைக்குத் திரும்பும்போது ஈர மணலில் அவர் நின்றுவிட்டார். மணலெங்கும் மிளகளவு உருண்டைகள், நடுவில் ஒரு பொத்தல், பொத்தலிலிருந்து நாலாபக்கமும் கதிர் விரிந்ததுபோல் வரிசை வரிசையாக. அசையாமல் குந்தினோம். இரண்டு நிமிடம் கழித்துப் பட்டாணி அளவில் ஒரு நண்டு வெளியே வந்தது. இரண்டு கொடுக்காலும் மாறி மாறி மணலை அள்ளி வாயில் கொடுத்தது. மணலில் இருக்கும் நுண்ணுணவை வாய் சலித்து எடுத்துக்கொள்ள, மீதி மணல் உருண்டையாகத் திரண்டு வாயருகே வந்தது. அதைக் காலால் எடுத்துப் பின்னால் தள்ளியது. ஒரு உருண்டைக்குச் சில வினாடிதான். தள்ளிய கையோடு அடுத்த பிடி. கடல் திரும்புவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. ஏறும் கடல் அத்தனை உருண்டைகளையும் கரைத்துவிடும். நண்டு வளைக்குள் போய் அதன் வாயை அடைத்துக்கொள்ளும்.

"இதுக்கும் ஷிஃப்ட்தான்" என்றார் அவர். குரலில் ஒரு தோழமை இருந்தது.

பிறகு குனிந்து ஒரு சிட்டிகை வெள்ளை மணலை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பரப்பி, சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "இப்படித்தான் பார்ப்போம்" என்றார். எதை என்று கேட்டேன். பாகை. பாகு காய்ச்சும் கொப்பரையிலிருந்து கம்பியை விட்டுக் கொஞ்சம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்களாம். சர்க்கரை மணி கட்டியிருக்கிறதா, எல்லா மணியும் ஒரே அளவா, நடுவில் பொடி விழுந்திருக்கிறதா. பொடி விழுந்தால் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும், அதிகம் விட்டால் நல்ல மணியும் கரைந்துவிடும். ராத்திரி மூன்று மணிக்குக் கண் சொக்கும் நேரத்தில் அந்தக் கண்ணாடிதான் தன்னை விழிக்க வைத்தது என்றார். மணிகள் சரியாக வந்துவிட்டால் விளக்குக்கு எதிரே அது மின்னுவதைக் காட்ட யாராவது பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுமாம்.

கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடத்தில் இதை நான் கேட்டதில்லை. அவர் மறைக்கவில்லை, நானும் அக்கறை இல்லாதவள் இல்லை. வேலை விட்டு வருகிற மனிதரிடம் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கத்தான் நேரம் இருந்தது. 'அங்கே என்ன பார்த்தீர்கள்' என்று கேட்க, கேட்பவருக்கும் சொல்பவருக்கும் ஒரே சமயத்தில் அவசரமில்லாமல் இருக்க வேண்டும். ஓய்வு என்று நாம் சொல்வதில் பாதி தூக்கம்தான், தனியாகவும் தூங்கிவிடலாம். மறுபாதிக்கு இரண்டு பேர் வேண்டும்.

இந்தத் தீவின் வெள்ளை மணல் பிறக்கும் விதத்தையும் அன்று அவரிடம் சொன்னேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்லும் முறை என்னுடையது என்பதால். கிளிமீன்கள் பவளப்பாறையைக் கொத்திக் கொறித்து, உள்ளே அரைத்து, சத்தை எடுத்துக்கொண்டு மீதியை மணலாகக் கழிக்கின்றன. பவளக் கடற்கரைகளின் மணலில் கணிசமான பங்கு அப்படி வந்ததுதான். "அப்ப இதுவும் அரவைதான்" என்றார். உள்ளங்கை மணலைக் கீழே கொட்டாமல் வெகுநேரம் வைத்திருந்தார். அறைக்குக் கொண்டுவரவில்லை. பவளமோ சங்கோ எதையும் எடுத்துவரக் கூடாது, விமான நிலையத்தில் பையைச் சோதிக்கிறார்கள். அது நியாயமான கண்டிப்பு. காலியான சங்கு ஒவ்வொன்றும் ஏதோ ஒரு துறவி நண்டுக்கு வீடு.

படகுத்துறையில் 'ஷஹீத் த்வீப்' என்று எழுதியிருக்கிறது. 2018 டிசம்பரில் வைத்த பெயர். தியாகிகளின் தீவு. நேதாஜி 1943இல் அந்தமானுக்குச் சூட்டிய பெயர் அது. ஊர் வாயில் இன்னும் நீல்தான் வருகிறது. அந்த நீல் யார் என்பது கடலூர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவளுக்கு நன்றாகத் தெரியும். 1857 கிளர்ச்சியை அடக்க மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படையோடு சென்னையிலிருந்து காசிக்கும் அலகாபாத்துக்கும் போனவர். ஊர்களைக் கொளுத்தி, விசாரணையே இல்லாமல் மனிதர்களைத் தூக்கில் தொங்கவிட்டவர். அந்த ஆண்டு செப்டம்பரில் லக்னோவில் சுடப்பட்டு இறந்தார். அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927இல் அந்தச் சிலையை அகற்றச் சொல்லி நடந்த சத்தியாகிரகத்தில் எங்கள் கடலூர் அஞ்சலை அம்மாள் சிறை போனார், ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவோடு. காந்தி அந்தக் குழந்தைக்கு லீலாவதி என்று பெயரிட்டுத் தன் ஆசிரமத்துக்கு அழைத்துக்கொண்டார். 1937இல் ராஜாஜி அமைச்சரவை சிலையை அகற்றியது. இப்போது அது எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அஞ்சலை அம்மாளும் கணவர் முருகப்பாவும் வீட்டையும் நிலத்தையும் போராட்டத்துக்காக விற்றவர்கள்.

அந்தத் தம்பதியை நான் மரத்தடியில் படுத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். அவர்கள் என்றைக்காவது ஒரு சாயங்காலம் தேவனாம்பட்டினக் கரையில் போய் உட்கார்ந்திருப்பார்களா? ஒரு பொட்டலம் சுண்டல் வாங்கித் தின்றிருப்பார்களா? உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. நீலின் பெயரால் அழைக்கப்பட்ட தீவில் கடலூர்க்காரர்கள் இரண்டு பேர் நிம்மதியாகப் படுத்திருப்பது அந்த அம்மாளுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி என்றும் தோன்றியது.

நிம்மதியாக என்று எழுதிவிட்டேன். என் கைகள் லேசில் படியவில்லை. முதல் இரண்டு நாளும் அவர் மரத்தடியில் துண்டை விரித்து நன்றாகத் தூங்கினார். நான் துணியை மடித்தேன், மறுபடி பிரித்து மடித்தேன். ஈரத் துண்டைத் திருப்பிப் போட்டேன். அவருக்குத் தண்ணீர் எடுத்துவர எழுந்தேன். சாப்பாட்டு மேசையில் யாரோ பரிமாற, உட்கார்ந்து சாப்பிடுவது எனக்குக் கல்யாண வீட்டில்தான் பழக்கம். மீன் குழம்பும் சோறும் பருப்பும் வைத்துவிட்டு அந்த அம்மா நின்றுகொண்டே இருந்தார், நான் வீட்டில் நிற்கும் அதே இடத்தில், மேசையின் அதே மூலையில். என்னால் விழுங்க முடியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் நானே அடுக்களைக்குள் போய் அவர் பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கினேன்.

அவர் இந்தத் தீவிலேயே பிறந்தவர். நாடு பிரிந்த பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு அறுபதுகளில் இங்கே நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். காடு வெட்டித் திருத்திய நிலம். அவர்கள் விளைவிக்கும் காய்கறிதான் இன்றும் படகேறிப் போர்ட் பிளேருக்குப் போகிறது. கடற்கரைகளுக்கு ராமாயணத்திலிருந்து பெயர்: சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர். சொந்த மண்ணை இழந்து வந்தவர்கள் வனவாசக் கதையின் பெயர்களை இந்த மண்ணுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னபோது, அந்த அம்மா அதைப் பெரிய சேதியாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அவை பள்ளிக்கூடம் போன ஊர், அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று கேட்டேன். நாலு மணி. இங்கே சூரியன் நம் ஊரைவிட ஐம்பது நிமிடம் முன்னதாக வருகிறான், கடிகாரம் மட்டும் நம் கடிகாரம். சாயங்காலம் ஐந்தரைக்குள் மறைந்தும்விடுகிறான். கடைசியாக எப்போது கடற்கரையில் போய் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன். கத்தியை நிறுத்தி யோசித்தார். மாமியார் இருந்தபோது, என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கடல் நாற்பது தப்படி.

எங்கள் ஓய்வு அவர் கைமேல் நிற்கிறது என்பதை அதற்குமேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காசு கொடுத்துத்தான் தங்குகிறோம், அவருக்கு அது வருமானம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு பெண் சும்மா இருக்க வேண்டுமென்றால் இன்னொரு பெண் சும்மா இருக்க முடியாமல் போவது ஏன் வழக்கமாகிவிட்டது என்ற கேள்வி, நறுக்கிய பூசணியோடு என் மடியில் கிடந்தது. என் வீட்டிலும் அதுதானே நடந்தது? நான் பள்ளிக்கூடத்திலிருந்து களைத்து வந்த நாட்களில் என் மாமியார் நின்றார். அவருக்கு முடியாமல் போனபோது நான் நின்றேன்.

அன்று சாயங்காலம் கணவரிடம் இதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் இரவு சாப்பாடு முடிந்ததும் எங்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கழுவி வைத்தார். அந்த அம்மா பதறித் தடுத்தார். இவர் தமிழில், "பரவாயில்லம்மா, எனக்குப் பழக்கம் இல்ல, பழகிக்கறேன்" என்றார். அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

கடைசி மாலை அந்த அம்மாவை வலுக்கட்டாயமாகக் கடற்கரைக்கு அழைத்து வந்தேன். மூவரும் சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்தோம். கடல் இறங்கிக்கொண்டிருந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், தண்ணீர் விலகி விலகிப் பாறைகள் ஒவ்வொன்றாகத் தலை காட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் இருக்கும். அரிசி களைய வேண்டும் என்று எழுந்துவிட்டார். போகும்போது திரும்பி ஒருமுறை கடலைப் பார்த்தார். நாங்கள் இருவரும் இருட்டும்வரை இருந்தோம். என் கைகள் மடியில் சும்மா கிடந்தன. அவரிடம் இன்னும் கேட்காத கேள்விகள் எனக்கு இருந்தன, அவற்றில் ஒன்றைக் கேட்டேன். அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடல் உள்வாங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்து மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் போகிறோம். ஏழு மணிக்குத் திரும்புகிறோம். கழுவாத பாத்திரங்கள் அதுவரை தொட்டியில் கிடக்கின்றன. வந்ததும் அவர் கழுவுகிறார்.